என் கையால் கொடுக்கவில்லை

எழுத வேண்டும் என்று நோட்டை எடுப்பதும் மூடி வைப்பதுமாகவே பத்து வருடம் போய்விட்டது. நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன், எழுதிப் பழக்கமில்லை என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால் பயம். உட்கார்ந்தாலே அந்தச் சின்னப் பெண் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது ஞாபகம் வந்துவிடும். "மாமா, அப்பா கை கழுவப் போனாரு, இன்னும் வரவேயில்ல. அவ்ளோ அழுக்கா?" பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அம்மா மட்டும் தலையை நிமிர்த்தாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேங்கிக்கால் தாண்டி இருக்கிறது நான் வேலை பார்க்கிற ஓட்டல். முன்பக்கம் ஃபேமிலி ஹால், பின்னால் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கு மரமும், பக்கவாட்டில் பார், மாடியில் தங்குவதற்கு ரூம்கள். கிரிவலம் வருகிற குடும்பங்கள் கூட வந்து தங்கும், சாப்பிடும், பார் இருப்பது தெரியாமலே போய்விடும். ஹாலுக்கும் பாருக்கும் நடுவில் ஒரு நடை. கை கழுவும் இடம் அந்த நடையில்தான் இருந்தது. கோயில் பக்கத்துச் சைவ மெஸ் ஒன்றில் பன்னிரண்டு வருடம் பரிமாறியவன் நான். மெஸ்ஸை மூடிவிட்டார்கள், வேறு வழியில்லாமல் இங்கே சப்ளையராகச் சேர்ந்தேன். ஹாலில் மட்டும் நிற்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டுப் பார்த்தேன். ஆள் கம்மியாக இருக்கிற நாளில் பாருக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். என் வீட்டுக்காரி சும்மா விடவில்லை. "நெத்தி நிறைய பட்டை, கை நிறைய பாட்டிலு. நல்லா இருக்குய்யா உன் பக்தி" என்பாள்.

அந்தப் பெண்ணின் அப்பா டிராயிங் சார். ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், என் மகனும் அவரிடம் படித்தவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். சாப்பாடு வரும்வரை என்னிடம் ஆர்டர் சீட்டு ஒன்றை வாங்கி, அதன் பின்பக்கம் நம் மலையை நாலே கோட்டில் போடுவார். "இது எங்கேர்ந்து பாத்த மலை, சொல்லு பாக்கலாம்?" என்பார். மலை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வேறு வேறு மாதிரி தெரியும் அல்லவா, அந்தப் பெண் யோசித்து யோசித்துச் சொல்லும். சரியாகச் சொன்னால் அவர் கைதட்டுவார். அவ்வளவு அன்பான மனிதர். பிறகு எழுந்து, "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று போவார். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும். சாப்பாடு ஆறியிருக்கும்.

ஒரு ஞாயிறு அவர் அப்படிப் போயிருந்தபோது அந்த அம்மா எழுந்து சமையலறை ஜன்னல் பக்கம் வந்தார். "அண்ணா, டாக்டர் கடைசியா சொல்லிட்டாரு. இனிமே தொட்டா உயிருக்கு உத்தரவாதம் இல்லையாம். வார நாள்லயும் தனியா இங்க வர்றாருன்னு எனக்குத் தெரியும். உங்க நெத்தியப் பாத்துதான் கேக்கறேன். இங்க அவருக்குக் கெடைக்காம பண்ணுங்க. முடியலனா எனக்கு ஒரு போனாவது போடுங்க." என் போனை வாங்கி அவரே நம்பரைப் போட்டுக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தது. நான் அதைப் பார்த்துச் சொன்னேன்: "அருணாசலேஸ்வரர் மேல சத்தியம்மா. என் கையால குடுக்க மாட்டேன்."

அவர் கேட்டது ஒன்று, நான் செய்த சத்தியம் ஒன்று. 'என் கையால' என்பதைச் சேர்த்தது நான்தான். அப்போதே என் மனசுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வார நாளில் சார் பாரில் வந்து உட்கார்ந்தால், பாரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம், "அண்ணே, அந்த டேபிளுக்கு நீங்க போங்க, எனக்குச் சத்தியம் இருக்குது" என்பேன். அவர் செங்கம் பக்கத்து ஆள், கிண்டல் ஜாஸ்தி. "இன்னாப்பா இது, புண்ணியம் உனக்கு, பாவம் எனக்கா? சரி சரி, சரக்குத் தட்ட நானே எடுத்துக்கறேன்" என்று கொண்டு போவார். ஆனால் சோடா நான் கொண்டு போனேன். ஐஸ் கொண்டு போனேன். ஆம்லெட், வேர்க்கடலை, தண்ணீர் பாட்டில் எல்லாம் நான்தான். மேஜையைத் துடைத்ததும் நான்தான். ஒருநாளும் அந்தத் தட்டை மட்டும் தொடவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வைத்தாய் அப்பனே என்று கும்பிட்டிருக்கிறேன்.

சார் கவனித்துவிட்டார். "என்ன சாமி, எல்லாம் உங்க கையில வருது, அது மட்டும் வர மாட்டேங்குதே?" என்றார். நான் குனிந்து மேஜையைத் துடைத்தேன். "வீட்ல சொன்னாளா?" என்றார். "ஆமா சார்" என்றேன். டம்ளரைச் சுழற்றினார். "நானும் கோயில்ல கயிறு கட்டிக்கிட்டவன்தான். எட்டு நாள் தாங்குச்சு. நீங்களாவது காப்பாத்துங்க" என்று சிரித்தார். நான் போய் இன்னொரு சோடா எடுத்து வந்தேன்.

அது ஒரு பிரதோஷ நாள். மதியமே வந்துவிட்டார். மூன்று மணிக்கு எழுந்து நிற்க முடியவில்லை. "ஒரு ரூம் போடுங்க. இப்படியே போனா பொண்ணு பாத்துடுவா" என்றார். நான்தான் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிப் போனேன். முகம் மஞ்சளாக இருந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டே படுத்தார். "சாமி, வீட்ல சொல்லிடாதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். போன் என் சட்டைப் பையில் இருந்தது. தங்குகிறவர்கள் விஷயம் வெளியே போகக்கூடாது என்று முதலாளி சொல்லியிருந்ததும் நினைவில் இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, கோயிலுக்குப் போக நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

பெரிய நந்திக்கு அபிஷேகம் நடந்தது. அன்றைக்கு எனக்காக எதுவும் கேட்கவில்லை. சாரைக் காப்பாத்துப்பா என்று அழுது வேண்டினேன், அது பொய்யில்லை. வெளியே வந்து போனைப் பார்த்தால் முதலாளி நாலு தடவை கூப்பிட்டிருந்தார். சார் ரத்தமாக வாந்தி எடுத்துக் கிடந்திருக்கிறார். சத்தம் கேட்டு மேலே போய்ப் பார்த்தவர் அந்தப் பார் அண்ணன். தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் அவர்தான்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "அண்ணா, நீங்க குடுக்கலதானே?" என்றார். "சத்தியமா என் கையால குடுக்கலம்மா" என்றேன். என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது சொன்ன சொல்லக் காப்பாத்துனீங்க" என்றார். மூன்றாம் நாள் சார் போய்விட்டார். பார் அண்ணனை அந்தக் குடும்பம் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவரும் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார்.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். ஓட்டலைப் புதுப்பித்துவிட்டார்கள், கை கழுவும் இடத்தை ஹாலுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். புதிதாக வருகிற ஆட்களிடம் முதலாளி என்னைக் காட்டி, "சாமி மேல பண்ண சத்தியத்துக்காக ஒரு கஸ்டமருக்குக் கடைசிவரைக்கும் சரக்கு எடுத்துட்டுப் போகாத ஆளு" என்று பெருமையாகச் சொல்கிறார். கதை ஊருக்குள்ளும் போய்விட்டது. போன பௌர்ணமியில் கிரிவலப் பாதையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மகள் காலேஜ் படிக்கிறாளாம், அம்மாவைவிட உயரமாக வளர்ந்திருக்கிறாள். "இவருதாம்மா அந்த மாமா" என்று அவர் சொன்னதும், அத்தனை ஜனத்துக்கு நடுவில் அந்தப் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. கூட்டம் அவர்களை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அதனால்தான் எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எனக்காக ஒரு சொல்லும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சுற்றிச் சுற்றி என்றைக்காவது அது அந்தப் பெண் காதுக்குப் போய்ச் சேரட்டும். அவள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அந்தப் பார் அண்ணன். அவள் அம்மாவின் நம்பரைப் பையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தியவன் நான்.