தினமும் போய்வரலாம் என்றார்கள்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில் நாங்கள் சேலத்தில், ஒரு சந்துக்குள் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். வாசலை ஒட்டிச் சாக்கடை. மகளுக்கு ஏழு வயதிருக்கும். மகன் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தான். என் கணவர் ஒரு மண்டியில் எடை போடும் வேலை பார்த்தார். அதே மண்டியில் அவருடைய அண்ணன் கணக்கப்பிள்ளை. அண்ணன் வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். அரிசி எந்தக் கடையில் வாங்குவது என்பதிலிருந்து பிள்ளைக்கு எப்போது மொட்டையடிப்பது என்பதுவரை அவர் சொல்ல வேண்டும், இவர் தலையாட்ட வேண்டும், நான் செய்ய வேண்டும்.

அந்தச் சந்தில் வாந்திபேதி வந்து பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் போனதைப் பார்த்த பிறகு, இனி இங்கே இருக்கக் கூடாது என்று முதலில் சொன்னது நான்தான். பஸ் ரோட்டுக்குப் பக்கமாக ஒரு கிராமத்தில் வீடு பார்த்தால் இவர் காலையில் சேலம் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். நல்ல தண்ணீர், பால், பிள்ளைகள் ஓடியாட இடம் எல்லாம் கிடைக்கும். அது என் யோசனை. இவர் அதை அண்ணனிடம் கொண்டுபோனார். அடுத்த வாரம் அது அண்ணனுடைய யோசனையாக எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் ஊர் பார்க்கப் போனார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, பெண்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைய முடியாது என்று பதில் வந்தது. அங்கே இருபத்திநாலு மணி நேரமும் குடியிருக்கப் போவது நானும் பிள்ளைகளும். பார்த்துவிட்டு வருவது இவர்கள். திரும்பி வந்ததும் எந்த ஊரில் கோழிக் குழம்பு நன்றாக இருந்தது, எந்த ஊரில் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். கிணறு எவ்வளவு தூரம், பிள்ளைப்பேறு பார்க்க ஆள் உண்டா, பெண்கள் ஒதுங்குவதற்கு எங்கே போக வேண்டும் என்று நான் கேட்டால் இவர் முகத்தைச் சுளிப்பார்.

கடைசியில் கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஊரை முடிவு செய்தார்கள். ஓட்டு வீடு, பின்னால் பாக்குத் தோப்பு, தோப்புக்குள் வற்றாத ஓடை. வீட்டுக்காரர் சொந்த நிலம் வைத்து விவசாயம் செய்கிறவர். அவர் தோட்டத்துப் பாக்கும் மஞ்சளும் எங்கள் மண்டிக்குத்தான் வந்தன. அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவை அண்ணனுக்கு இருந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"ஏனுங்க, இத்தன நல்ல ஊட்டுல முன்ன குடியிருந்தவங்க எதுக்குக் காலி பண்ணினாங்களாம்?"

"அதையெல்லாம் போய்க் கேட்டா அவரு என்ன நெனைப்பாரு? அண்ணன் பார்த்துட்டாரு, போதும்" என்றார்.

சித்திரையில் குடிபோனோம். அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மகள் நாள் முழுக்க ஓடையில் கிடந்தாள். மகன் தோப்புக்குள் நடந்தே பழகினான். மலையிலிருந்து இறங்கி வருகிற காற்றில் சேலத்துச் சாக்கடை நாற்றம் என் மூக்கைவிட்டே போய்விட்டது.

ஆனால் தினமும் போய்வருவது என்பது முதல் மாதத்திலேயே பொய்த்துப் போயிற்று. பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து ஓட்டுவார்கள். மேடு வந்தால் ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். சில நாள் வரும், சில நாள் வராது. இவர் முதலில் தினமும் வந்தார், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஆடி பிறந்தபோது சனிக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் மண்டியிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டார். தினமும் போய்வரலாம் என்று சொன்ன அண்ணன், மண்டிக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார்.

புரட்டாசியில் மழை பிடித்தது. பிடித்த கையோடு ஊரில் வண்டிகள் கட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வீடாகப் பெண்களும் பிள்ளைகளும் ஏறிப் போனார்கள். வீட்டுக்காரரின் மனைவியும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு, கறவை மாட்டையும் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாமக்கல் பக்கம் கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். உறம்பரைக்குப் போகிறோம், சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவோம் என்றார். அந்தப் பேத்திக்குத் தலை வாரிப் பின்னிவிட்டது நான். மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டதும் நான். என் மகள் பக்கத்தில் நின்று கையசைத்தாள். அந்த அம்மாள் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்.

சில வாரத்தில் மகளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சிப்பொழுதில் நடுக்கம் தொடங்கும். இருக்கிற துணியையெல்லாம் போட்டு மூடினாலும் பல் அடித்துக்கொள்ளும். பிறகு உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கும். இந்தக் காய்ச்சலுக்கென்று தபாலாபீசில் விற்கிற கொய்னா மருந்துப் பொட்டலம் யுத்தத்தால் வருவதே இல்லை என்று தபால்காரர் கையை விரித்தார்.

எங்கள் வீடு ஊரில் கடைசி வீடு. அதைத் தாண்டினால் மலையேறும் பாதை. மலைமேல் இருக்கிற குண்டனி நாட்டிலிருந்து ஒரு பெண் மிளகும் சாமையும் சுமந்துகொண்டு வாரச் சந்தைக்கு இறங்குவாள். என் வாசலில் கூடையை இறக்கித் தண்ணீர் குடிப்பாள். நான் அவளிடம் சாமை வாங்குவேன். நானும் விட்டுக்கொடுக்காமல் பேரம் பேசுவேன், அவளும் விடமாட்டாள். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அந்த வாரம் வந்தவள், துணிக்குவியலுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இன்னும் இங்கயேவா இருக்கறீங்க? மழ பிடிச்சா இந்தூர்ல ஆரும் கொழந்தைகள வெச்சிருக்க மாட்டாங்களே அம்மிணி. தெரிஞ்சுதான் இருக்கறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

பிறகு மீதியையும் சொன்னாள். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் மழைக்காலத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் போனவர்கள். தோப்புக்கு அப்பால்தான் அடக்கம் செய்தார்களாம். அதிலிருந்து வீடு பூட்டியே கிடந்ததாம்.

பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு நான் களத்துக்கு நடந்தேன். வீட்டுக்காரர் அடுத்த மழை வருவதற்குள் பாக்கை வாரிக்கொண்டிருந்தார். காய்ச்சல் ஊர் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை.

"உங்கூட்டுக்காரரு கேக்கலீங்களே. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

சிலருக்கு வரும், சிலருக்கு வராது, எல்லாம் சாமி விட்ட வழி என்று மேலும் சொன்னார். தன் பேத்தியைச் சாமியிடம் விடாமல் வண்டியேற்றி அனுப்பியவர் அவர். அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த வாரம் பஸ் வரவில்லை. சேந்தமங்கலம் போகிற வண்டிக்காரரிடம் இவருக்குத் தாக்கல் சொல்லி அனுப்பினேன். பதிலுக்காகக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சந்தையிலிருந்து திரும்பி வந்த அந்த மலைப் பெண்ணை நிறுத்தி, எங்களை மேலே கூட்டிப்போக முடியுமா என்று கேட்டேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. கூடையைத் தலையில் வைத்தபடியே நின்றாள். தன் மாமியார் ஒரு மாதிரி என்றாள். பொழுது சாய்வதற்குள் மலையேறிவிட வேண்டும், தாங்கள் யாரும் இரவில் கீழே தங்குவதில்லை என்றாள். மகளை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் மறுநாள் காலையில் அவளுடைய கணவனும் கொழுந்தனும் ஒரு மூங்கிலும் கம்பளியுமாக வாசலில் வந்து நின்றார்கள்.

கம்பளியைத் தூளியாகக் கட்டி மகளை அதில் கிடத்தித் தூக்கினார்கள். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். வழியெல்லாம் வழுக்கல், காலெல்லாம் அட்டை. ஏற ஏற எனக்கு மூச்சு வாங்கியதே தவிர ஆத்திரம் குறையவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே அந்தப் பாக்குத் தோப்பு பச்சைப் பசேலென்று தெரிந்தது.

அவர்கள் வீடு புல் வேய்ந்த ஒரே அறை. உள்ளே எப்போதும் புகை. அடுப்புக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். மாமியார்க்காரி தினமும் காலையில், எப்போது போகப்போகிறீர்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கேழ்வரகுக் களியையும் வைத்தாள். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. மனதில் இருந்ததை மறைக்காமல் கேட்ட ஒரே ஆள் அந்த வருஷத்தில் அவள்தான்.

சில நாள் கழித்து இவரும் அண்ணனும் மழையில் நனைந்தபடி ஏறி வந்தார்கள். அண்ணன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கொடுத்த தண்ணீரையும் வாங்கவில்லை.

"மலைக்காரங்க ஊட்டுல வந்து ஒக்காந்திருக்கிறியே, நம்ம சனம் என்ன பேசும்?" என்றார்.

அதுவரை நான் அவரிடம் நேருக்கு நேர் நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வேன். அன்றைக்கு வாசலுக்கு வந்தேன்.

"மாமா, அது காய்ச்சல் ஊருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

எந்த ஊரில்தான் காய்ச்சல் இல்லை என்றார். நான் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"கேள்விப்பட்டேன். சனங்க பெருசு பண்றாங்கன்னு நெனச்சேன்."

இவருக்கு அது முன்பே தெரியாது. அப்போதுதான் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்பார், ஒரு சத்தமாவது போடுவார் என்று காத்திருந்தேன். இவரோ நனையாமல் மடியில் வைத்திருந்த கொய்னாப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். யாரோ ஒரு கம்பவுண்டரின் காலைப் பிடித்து வாங்கியதாம். நான் வாங்கிக்கொண்டேன். அந்த மௌனத்தை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

அண்ணன் அப்போதே இறங்கிப் போய்விட்டார். இவர் தங்கினார். அன்று சாயங்காலம் அடுப்போரம் மகள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணன் சொன்னாத் தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் சொன்னா?" என்று கேட்டேன். இவர் மகளின் கம்பளியை இழுத்துப் போர்த்தினார்.

மருந்தில் காய்ச்சல் விட்டது. ஆனால் மகளுக்கு வலது காது மந்தமாகிவிட்டது. காய்ச்சலாலா மருந்தாலா என்று பின்னால் பார்த்த டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவளிடம் பேச வேண்டுமானால் இடது பக்கம் போய் நின்றுதான் பேச வேண்டும்.

மலையைவிட்டு இறங்கும் முன் அந்தப் பெண் என் பித்தளைக் குடம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள். கொடுக்கிறேன், சந்தைக்கு இறங்கும்போது வந்து எடுத்துக்கொள் என்றேன். அவளும் எங்களோடு இறங்கி வந்தாள்.

சாமான்களை எடுக்கப் போனபோது அந்த வீடு திறந்திருந்தது. வீட்டுக்காரர் ஒரு குடும்பத்துக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். கோட்டுப் போட்ட ஓர் ஆள், கைக்குழந்தையோடு அவர் மனைவி. நான் நேராகக் குழந்தை வைத்திருந்த பெண்ணிடம் போய், மழைக்காலத்தில் இங்கே பிள்ளைகள் பிழைக்காது, முன்னால் இருந்தவர்கள் ஒரு பிள்ளையை இந்தத் தோப்புக்கு அப்பால் புதைத்துவிட்டுப் போனார்கள், என் மகளுக்குக் காது போய்விட்டது என்று சொன்னேன். வீட்டுக்காரர் குறுக்கே வந்து, வாடகைத் தகராறில் பேசுகிறாள் என்றார். அந்தப் பெண் தன் கணவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் குடிவந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. மலைப் பெண் என் குடத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வீட்டுக்காரர் காதில் விழும்படி, அம்மிணி சொல்வது அத்தனையும் நிஜம் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

சேலத்து அறைக்கு வேறு ஆள் வந்திருந்தார்கள். இனி எந்த ஊரானாலும் நான் பார்த்த பிறகுதான் என்று சொன்னேன். அண்ணன் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தார். அது எனக்கு வசதியாகப் போயிற்று. மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவரை ஊர் ஆண்களோடு பேசவிட்டுவிட்டு நான் கிணற்றடிக்குப் போவேன். கயிற்றைக் கேட்டு வாங்கி ஒரு குடம் இறைத்துக் கொடுப்பேன். மழைக்காலத்தில் பிள்ளைகளை எங்கேயாவது அனுப்புகிறீர்களா, போன வருஷம் என்ன நோய் வந்தது, யார் வீட்டில் பிள்ளை போயிற்று என்று கேட்பேன். கேட்டால் பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். ஓர் ஊரில் ஒரு பெரியவர், பொம்பளை வந்து ஊரை விசாரிக்கிறாளே என்று இவரிடம் குறைபட்டார். அந்த ஊரை அப்போதே தள்ளிவிட்டேன்.

கடைசியில் சேலத்துக்குக் கிட்டத்தில், சைக்கிளிலேயே போய்வரக்கூடிய ஒரு வறண்ட ஊரைப் பிடித்தேன். ஓடை இல்லை, தோப்பு இல்லை. பனைமரமும் கல்லும் வேலாமரமும்தான். தண்ணீரில் கொஞ்சம் உப்புத் தட்டும். பிள்ளைகள் இருவரும் அங்கேதான் வளர்ந்தார்கள். இவர் தினமும் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தார்.

பல வருஷம் கழித்து உறம்பரை வந்திருந்த ஒரு சமயம், ஊரைப் பாராட்டினவர்களிடம் இவர், "நாயா அலஞ்சு தேடிப் பிடிச்ச எடமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தேன்.

"இந்த ஊரப் பிடிச்சது நானுங்க. இவிய பிடிச்சது காய்ச்சல் ஊரு" என்றேன்.

வந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.