கோமதி வீட்டில் நாலு போன்

1. திறந்த பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. கடையில் எல்லா விளக்கும் போட்டு முடிக்கவில்லை. ஒரு பெண் நேராக என் கவுண்டருக்கு வந்து ஒரு போன் பெட்டியை வைத்தாள். முந்தின நாள் நான் விற்ற பெட்டி. சீல் உடைத்து, ஆக்டிவேஷன் முடிந்து, முழுசாக ஒரு நாள்கூட ஆகாதது.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உள்ள மொபைல் ஷோரூமில் பதினாறு வருஷமாக நிற்கிறேன். என் பெயர் எஸ்தர். பட்டன் போன் விற்ற காலத்தில் சேர்ந்தவள், இன்றைக்கு சேல்ஸில் நான்தான் சீனியர். பெட்டியோடு திரும்பி வருகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். "பாக்ஸ் ஓப்பன் பண்ணிட்டா கம்பெனி எடுக்காதுங்க, சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பிவிடுவோம். அன்றைக்கும் வாயைத் திறந்தேன். அப்புறம்தான் உறைத்தது, இந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது.

முந்தின நாள் அவள் அண்ணனோடு வந்திருந்தாள். அண்ணன் பாலமுருகன் லோடு வண்டி ஓட்டுகிறவர். "பன்னெண்டாயிரத்துக்குள்ள நல்ல கேமராவா ஒண்ணு குடுங்க, தங்கச்சிக்குக் காது கேக்காது, வீடியோ கால்லதான் பேசும்" என்றார். நான் ஒரு பட்ஜெட் போனை எடுத்து, இந்தக் கவுண்டருக்கும் அடுத்த கவுண்டருக்கும் வீடியோ கால் போட்டுக் காட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. இடையில் அவள் என் சேலைத் தலைப்பைத் தொட்டு ஏதோ கேட்க வந்தாள். "அவ சும்மா பாக்கா, நீங்க பில்லைப் போடுங்க" என்றார் அண்ணன். நான் பில்லைப் போட்டேன்.

இப்போது அவள் தனியாக வந்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினாள்.

"என் பேர் கோமதி. நான் சைகை மொழியில பேசுறவ. இந்த போன்ல என் விரல் கலங்கித் தெரியுது. வெள்ளிக்கிழமை 11 மணிக்கு எனக்கு வீடியோ கால்ல இன்டர்வியூ. மதுரையில ஸ்பெஷல் ஸ்கூல்ல டீச்சர் வேலை."

நான் அதே நோட்டில் எழுதினேன். "கடையில நல்லா இருந்துச்சே?"

அவள் பேனாவை வாங்கி மேலே சுட்டிக் காட்டினாள். எங்கள் கடைக் கூரையில் வரிசையாக எல்.இ.டி. பேனல்கள். பிறகு எழுதினாள்: "எங்க வீட்ல ஒரு டியூப் லைட்தான்."

பதினாறு வருஷத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை. அத்தனை வெளிச்சத்துக்குக் கீழே எந்தக் கேமராவும் நல்ல கேமராதான். சின்ன சென்சார் வைத்த போன் இருட்டறைக்குப் போனால் வெளிச்சம் பத்தாமல் ஃப்ரேம் குறைந்து, அசைகிறதெல்லாம் கலங்கிவிடும். முகத்தை மட்டும் காட்டிப் பேசுகிறவர்களுக்கு அது உறுத்தாது. விரல்தான் பேச்சு என்று இருக்கிறவளுக்கு?

ஆனாலும் பழக்க தோஷத்தில், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாமே" என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டுக் கோபத்தோடு அழுத்தி எழுதினாள்.

"நீங்க பேசும்போது ரெண்டு வார்த்தைக்கு ஒரு வார்த்தை கேக்கலன்னா, அந்த போனை நீங்க வாங்குவீங்களா?"

நான் எழுதின வரியை அடித்தேன். "நாளைக்கு எனக்கு லீவு. உங்க வீட்டுக்கு வாரேன். அங்க வச்சுப் பாத்துருவோம்" என்று எழுதினேன். அவள் விலாசம் எழுதிக் கொடுத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம்.

2. விலை சொல்லாத நாலு போன்

டெமோ பீஸை வெளியே கொண்டுபோக எங்கள் கடையில் அனுமதி கிடையாது. முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஏம்மா எஸ்தரு, ஒரு கஸ்டமருக்காக மூணு டெமோ பீஸைத் தூக்கிட்டு பஸ்ல போறியா? ஒண்ணு கீழ விழுந்தா?"

"விழுந்தா என் பொறுப்பு சார்."

"அந்தப் பொண்ணு எங்க வேலை பாக்குது?"

"சத்திரப்பட்டிப் பக்கம், பேண்டேஜ் துணித் தறியில."

அவர் செத்த நேரம் என்னையே பார்த்தார். தறியில் வேலை பார்க்கிறவளுக்குக் கம்பெனியின் உச்ச மாடலான ஃப்ளாக்‌ஷிப் எதற்கு என்பதுதான் அந்தப் பார்வை. அவரைக் குறை சொல்லி என்ன? முந்தின நாள் நானும் அப்படித்தான், அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு, மறுகேள்வி கேட்காமல் அண்ணன் சொன்ன பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷெல்ஃப் பக்கம் திரும்பினேன். கடைசியில், "சரி, எடுத்துட்டுப் போ. புது ஃப்ளாக்‌ஷிப்பை முதல்ல காட்டு. இந்த மாச டார்கெட்டுக்கு அதுல ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

நடு விலையில் ஒரு மிட்‌ரேஞ்ச், போன வருஷத்து ஃப்ளாக்‌ஷிப், இந்த வருஷத்து ஃப்ளாக்‌ஷிப். மூன்றையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். கூடவே ஐந்நூறு ரூபாய் ரிங் லைட் ஒன்று. அந்த லைட்டிலேயே காரியம் முடிந்துவிட்டால் அவளுக்குச் செலவு மிச்சம், எனக்கும் தலைவலி மிச்சம் என்று ஒரு நப்பாசை.

வீடு ஒரே அறை, ஒரு சன்னல். சன்னலை ஒட்டிப் பக்கத்து வீட்டுச் சுவர். வாசலில் உட்கார்ந்து பேசலாமே என்று கேட்டேன். "வாசல்ல கையை ஆட்டுனா தெருவே கூடி நிக்கும். நீங்க உங்க வீட்டு விஷயத்தை மைக் போட்டுப் பேசுவீங்களா?" என்று எழுதினாள்.

எல்லாப் போனின் பின்பக்கத்திலும் தாளை ஒட்டச் சொன்னது அவள்தான். பெயர் தெரியக் கூடாது, விலை சொல்லக் கூடாது. தாளில் அ, ஆ, இ, ஈ என்று எழுதினாள். மறுமுனையில் அவள் தோழி ஷீலா. அவளும் காது கேளாதவள்தான், மதுரையில் இருக்கிறாள். நாலு போனுக்கும் என் போனிலிருந்து ஒரே ஹாட்ஸ்பாட். கோமதி பத்து வாக்கியம் சைகையில் சொல்ல வேண்டும். ஷீலா புரிந்ததை எழுதி அனுப்ப வேண்டும்.

நான் விற்ற பட்ஜெட் போன் பத்துக்கு நாலு. ஷீலா கையை உயர்த்தி உயர்த்தி நிறுத்தச் சொன்னாள். ரிங் லைட்டைப் போட்டேன். ஏழு ஆனது. எனக்குச் சந்தோஷம். கோமதி நோட்டை எடுத்தாள். "பஸ்ல, ஆஸ்பத்திரியில, தறிக்கொட்டாயில எல்லாம் இந்த லைட்டைத் தூக்கிட்டுப் போகணுமா?"

லைட்டை அணைத்துப் பையில் போட்டேன்.

மிட்‌ரேஞ்சில் விரல் தெளிவாக இருந்தது, பத்துக்கு ஏழு. ஆனால் ஷீலா எழுதி அனுப்பியதில் கேள்விகள் எல்லாம் சாதாரண வாக்கியமாக இருந்தன. "நீ வருகிறாயா" என்றால் "நீ வருகிறாய்" என்று புரிந்திருக்கிறது. எனக்கு விளங்கவில்லை. கோமதி தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். சைகை மொழியில் கேள்வி புருவத்தில் இருக்கிறதாம். அந்தப் போன் இருட்டில் புள்ளி தெரியக் கூடாது என்று முகத்தை மெழுகித் துடைத்துவிடுகிறது, புருவமும் அதோடு போய்விடுகிறது. பியூட்டி செட்டிங்கை அணைத்தேன். அப்போதும் ஏழுதான். இதே செட்டிங்கை எத்தனை பேருக்கு "முகம் சினிமா மாதிரி வரும்" என்று காட்டி விற்றிருப்பேன்!

போன வருஷத்து ஃப்ளாக்‌ஷிப், பத்துக்குப் பத்து. புது ஃப்ளாக்‌ஷிப்பும் பத்துக்குப் பத்து. இரண்டையும் மாற்றி மாற்றி மூன்று தடவை போட்டேன். எது எது என்று ஷீலாவுக்குச் சொல்ல முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

கோமதி இப்போது தாள்களை உரித்து விலை கேட்டாள். புதுசு எழுபத்திரண்டாயிரம். பழசு முப்பத்தெட்டாயிரம். அவள் யோசிக்கவே இல்லை. முப்பத்தெட்டாயிரம் போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்தார்.

3. அண்ணனுக்கு ஒரு கால்

"எம்புட்டு?" என்றார். சொன்னேன். கையில் இருந்த வண்டிச் சாவியைக் கீழே வைத்தார்.

"ஏக்கா, நீங்க வீடு தேடி வந்து ஏமாத்துவீகளோ? ஸ்கூட்டி வாங்கணும்னு அவ ஆறு வருஷமாச் சேத்த துட்டு அது. தறிக்குப் போக வர ரெண்டு பஸ் மாறுதா. அதை ஒரு போனுக்குக் குடுக்கணுமா? எங்கிட்ட இருக்கதும் பத்தாயிரம் ரூவா போன்தான். எனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

அவர் கெட்டவர் இல்லை. தங்கை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பதுதான் அவர் கண்ணில் நின்றது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கோமதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நோட்டில் ஏதோ எழுதிக் கிழித்து என்னிடம் கொடுத்தாள். என்னைச் சன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய், என் போனிலிருந்து அண்ணனுக்குப் போன் போடச் சொல்லி, அந்தத் தாளைப் படிக்கச் சொன்னாள்.

நான் போனை வாயோடு ஒட்டிக் கிசுகிசுப்பாகப் படித்தேன். அவள் என் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை விட்டு ஒரு வார்த்தைக்கு மியூட் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு... மணிக்கு... சேத்தூர்... லோடு... வாடகை..."

"என்னது? எத்தனை மணிக்கு? சேத்தூரா? சத்தமாச் சொல்லுங்க, கட்டாகுது!" வாசல் பக்கமாக நடந்தார், திரும்பி வந்தார். "ஏக்கா, இங்கனதான நிக்கிய, நேராச் சொல்லுங்களேன். இந்தப் போனை வச்சுக்கிட்டு எவன் பேசுவான்!"

கோமதி போனைக் கட் செய்தாள். தன் பட்ஜெட் போனை அவர் கையில் வைத்தாள். அவ்வளவுதான், வேறு ஒரு சைகையும் இல்லை.

அவர் அந்தப் போனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு இப்படித்தான் வருதா?" என்று உதட்டை மெதுவாக அசைத்துக் கேட்டார். அவள் தலையாட்டினாள். "முன்னாடியே ஏன் சொல்லல?"

அவள் நோட்டில் எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டு என்னிடம் தந்தார். "சொன்னேன். நீ கடைக்காரியப் பாத்துக்கிட்டு இருந்த. கடைக்காரி உன்னப் பாத்துக்கிட்டு இருந்தாங்க."

அவர் தங்கை பக்கம் திரும்பினார். "சரிம்மா, உன் துட்டு, உன் இஷ்டம். ஸ்கூட்டிய பொறவு பாத்துக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தார். எனக்கும் சேர்த்து.

4. டார்கெட்

வியாழக்கிழமை கோமதி தனியாகக் கடைக்கு வந்தாள். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு முப்பத்தெட்டாயிரம் வரைக்கும் வந்துருச்சுல்ல? இன்னும் கொஞ்சம் பேசிப் புதுசைத் தள்ளிவிடு. இ.எம்.ஐ. போட்டுக் குடுத்துருவோம்."

"ரெண்டையும் வச்சுப் பாத்தோம் சார். அவளுக்கு வித்தியாசம் தெரியல. எனக்கும் தெரியல. எனக்கே தெரியாத வித்தியாசத்தை நான் எப்படி விக்கது?"

"டார்கெட் முடியலன்னா உன் இன்சென்டிவும்தான் போகும்."

"போகட்டும் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "அந்தத் திறந்த பெட்டிய என்ன செய்யப் போற? கம்பெனி எடுக்காது, கடையும் எடுக்காது" என்றார்.

"நான் எடுத்துக்கிடுதேன். முழு விலைக்கு. கேக்காம வித்தது என் தப்பு."

அந்த மாதம் எனக்கு இன்சென்டிவ் வரவில்லை. அந்த பட்ஜெட் போனைத்தான் இப்போதும் வைத்திருக்கிறேன். மகளோடு பேச, பிரசங்கம் கேட்க, கேஸ் புக் பண்ண அது எனக்குத் தாராளம். நல்ல போன்தான், ஆள்தான் மாறிப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு கஸ்டமருக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டியதில் இரண்டு குமிழ் விழுந்து, பிரித்து மறுபடி ஒட்ட வேண்டியதாயிற்று. பன்னிரண்டேகாலுக்குக் கோமதியிடமிருந்து மெசேஜ் வந்தது.

"எல்லாம் அவங்களுக்குப் புரிஞ்சது. ஒரு சார் மட்டும் ஒரு தடவை திரும்பச் செய்யச் சொன்னார். போன் தப்பில்ல. அவருக்கு வேகம் பத்தல."

நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று தனியாகச் சிரித்தேன். மூன்று வாரத்தில் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. இப்போது மதுரையில் ஷீலாவோடு தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பட்ஜெட்டா, ஃப்ளாக்‌ஷிப்பா என்று ஆளின் உடையைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். பணம் கொடுப்பவர் ஒருவராகவும் போனைப் பிடிக்கப் போகிறவர் இன்னொருவராகவும் இருந்தால், பிடிக்கப் போகிறவர் பக்கம் திரும்பி நில்லுங்கள். எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில், யாரோடு பேசப் போகிறார் என்று அவரிடமே கேளுங்கள். பதில் வர நேரமானால் காத்திருங்கள். அவர் எழுதித்தான் சொல்ல வேண்டும் என்றால், பேனாவை நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.