சிவப்பு நூலால் கட்டிய முட்டிகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிவப்பு நூல் கிடக்கிறது. மூட்டை கட்டும் முரட்டு நூல். முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதற்குப் பக்கத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டியவன் நான். இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பாதி எரிச்சல் அப்போது எனக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் மேல், மீதி என் மேல்.

தொண்ணூறுகளில் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில், அளவு பார்க்கும் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் கிருஷ்ணகிரியிலிருந்து டாக்டரம்மா ஒருவர் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். உள்ளே மனித எலும்புகள். ஒவ்வொரு ஆளின் தொடை எலும்பையும் முழங்காலுக்குக் கீழ் எலும்பையும் ஜோடி சேர்த்துத் தன் கையாலேயே சிவப்பு நூலால் கட்டியிருந்தார். ஏதோ ஒரு கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தவை. எங்கள் கேன்டீன்காரர் அந்த வாரம் முழுக்க டீயை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினார்.

டாக்டரம்மாவின் தாயாருக்கு முட்டியில் வெளிநாட்டுச் செயற்கை மூட்டு வைத்திருந்தார்கள். அந்த அம்மாளின் எலும்புக்கு அது பெரிது. விளிம்பு பிதுங்கிச் சதையில் உரச, அதன்பின் அவர் எழுந்து நடக்கவே இல்லை. நம் ஊர் முட்டிகளின் வடிவத்தை அளந்து கணக்காகக் காட்டினால், அந்த அளவில் மூட்டு செய்து பார்க்க எங்கள் முதலாளி சம்மதித்திருந்தார். எலும்பில் புள்ளி வைத்து, அளக்கும் இயந்திரத்தின் ஊசிமுனையால் தொட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. முதல் நாளே டாக்டரம்மா சொல்லிவிட்டார்: "வெறும் சராசரி எனக்கு வேணாம் தம்பி. ஒரு ஆளுக்கு மேல் எலும்பு அகலமா போனா, அதே ஆளுக்குக் கீழ் எலும்பு எப்படி மாறுது, அது தெரியணும். அதுக்குத்தான் கட்டி எடுத்தாந்திருக்கேன்."

எங்கள் தொழிற்சாலையில் ஒரு ட்ரேயில் ஒரே வகைப் பாகம்தான் இருக்க வேண்டும். தண்டெல்லாம் ஒன்றில், வளையமெல்லாம் இன்னொன்றில். எந்தத் தண்டும் எந்த வளையத்திலும் பொருந்தியாக வேண்டும்; பொருந்தாதது கழிவு. மறுநாள் டாக்டரம்மா வருவதற்கு முன்பே சூப்பர்வைசர் வந்தார். கோபம் வந்தால் கன்னடம், காரியம் ஆக வேண்டுமானால் தமிழ், அதுதான் அவர் வழக்கம். அன்று தமிழ். "இன்னாப்பா இது, முருங்கைக்காய்க் கட்டு மாதிரி? வெட்டிப் பிரி. ஒரு ட்ரே, ஒரு பார்ட்." எலும்பில் எண் கிடையாது, நூலில் தொங்கிய அட்டையில்தான் எண். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கத்திரியை எடுத்தேன். தொடை எலும்புகள் நீல ட்ரேக்கும், கீழ் எலும்புகள் மஞ்சள் ட்ரேக்கும், அட்டைகள் குப்பைக்கும் போயின. டிபன் பாக்ஸ் கட்ட ஆகுமே என்று ஒரு நூலை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா வந்து இரண்டு ட்ரேக்களையும் பார்த்தார். நாள் முழுக்க நின்றபடியே ஒவ்வொரு எலும்பையும் இன்னொன்றோடு வைத்துப் பொருத்தம் தேடினார். சில சேர்ந்த மாதிரி இருந்தன. "இது என் யூகம். யூகத்தை அளவுன்னு எழுத மாட்டேன்" என்று கீழே வைத்துவிட்டார்.

"எல்லாம் மனுசன் காலுதானே மேடம்" என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

"உங்க தொடைக்குக் கீழ பக்கத்து வீட்டுக்காரர் கால மாட்டிவிட்டா நடப்பீங்களா சார்?"

அவர் உடனே கன்னடத்துக்கு மாறிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து முதலாளி எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார். "அந்தம்மா கொண்டாரப்பவே கலந்துதான் இருந்துச்சு சார்" என்றார் சூப்பர்வைசர், கொஞ்சம்கூடக் கூசாமல். முதலாளி என்னைப் பார்த்தார். என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். அதோடு அந்த மூட்டு வேலையை மூடிவிட்டார்கள். போகும்போது டாக்டரம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "நான் கட்டி எடுத்தாந்தத நீங்க பாத்தீங்கல்ல தம்பி?"

போன மாதம் என் மனைவியின் முட்டியைக் காட்டப் போயிருந்தோம். சின்ன வயது டாக்டர் ஒருவர் திரையில் இரண்டு எலும்புகளைச் சேர்த்தே அசைத்துக் காட்டினார். "ரெண்டையும் ஜோடியாத்தான் சார் பாக்கணும்" என்றார், ஏதோ எல்லாருக்கும் தெரிந்த சங்கதி போல. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்தேன். முதலாளி என்னைப் பார்த்த அந்த நேரம், இந்த நூல் என் சட்டைப்பையில்தான் இருந்தது, டாக்டரம்மா போட்ட முடிச்சோடு. கலந்து வந்த எலும்புக்கு ஏது முடிச்சு? எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் போதும். நான் வாயைத் திறந்திருக்கக்கூட வேண்டாம்.