விட்டுப்போன அட்டவணை

புனேயில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியில் கேட் ஆப்பை மாற்றினார்கள். வேலைக்கு வருபவர்களின் பெயரும் படமும் காவலாளியின் டேப்லெட்டில் தெரியும் ஆப் அது. பழைய கம்பெனி ஒரு வாரத்தில் மூடிவிடும். அதற்குள், அதில் இருக்கும் தரவை எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். செகரட்டரி என் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற மராட்டிக்காரர், என்னிடம் ஹிந்தியில் பேசுவார்.

"பேட்டா, நீ ஐடிதானே? உனக்கு இது அரை மணி நேர வேலை."

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் உறுத்துகிறது.

ஹிஞ்சவடி ஐடி பார்க்கில் எனக்குச் சம்பளமே டேட்டாபேஸ்களை பேக்கப் எடுப்பதற்குத்தான். அங்கே ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: என்னென்ன அட்டவணைகள், எது எதோடு இணைந்திருக்கிறது, எடுத்த கோப்பை வேறோர் இடத்தில் ஏற்றிப் பார்த்தாயிற்றா. சொசைட்டி வேலைக்கு அதெல்லாம் எதற்கு என்று இருந்துவிட்டேன். சனிக்கிழமை காலை, தலை துவட்டிய துண்டோடு உட்கார்ந்து, 'பணியாளர்கள்' என்ற அட்டவணையை மட்டும் எக்செல் கோப்பாக இறக்கி அனுப்பினேன். பெயர், படம், போன், போகும் வீடுகள், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியை நான் படிக்கவில்லை.

அடுத்த வாரம் என் வீட்டுச் சமையல் அக்கா தாமதமாக வந்தார். புனேயிலேயே பிறந்த தமிழர், வீடு சிஞ்ச்வட் பகுதியில். எங்கள் சொசைட்டியில் மட்டும் ஆறு வீடுகளுக்குச் சமைக்கிறார்.

"கேட்ல நிறுத்தி வெச்சிட்டான்மா. என் பேரு லால் கலர்ல வருதாம். பிஷ்விய, இந்தப் பைய தொறன்னான். உள்ள இருந்த டப்பாவையும் தொறன்னான். இஸ்கூல் பஸ்சு நிக்குது, அத்தன புள்ளைங்களும் பாக்குது."

"எதுக்காம்?"

"உனக்கே தெரியும்ங்கறான். எனக்கு என்னா தெரியும்?"

கோப்பைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேராகக் குறிப்பு: 'திருட்டுப் புகார், தோடு.' புகார் என்று இருந்தாலே புதிய ஆப் சிவப்பு காட்டும். மற்றவர்களின் குறிப்புகளையும் அப்போதுதான் படித்தேன். 'பெரிய லிஃப்டில் விடாதே.' 'நாற்றம்.' 'வாய் அதிகம்.' இதையெல்லாம் தட்டச்சு செய்தவர்களோடுதான் நான் தினமும் லிஃப்டில் புன்னகைத்துக்கொண்டிருந்தேன்.

"தோடா? அது ஏழாவது மாடி அம்மாவுது. நாலு நாள் கழிச்சு அவுங்க வாஷிங் மெஷின் ரப்பர்லயே கெடச்சுதே! அவுங்களே எடுத்துக் காட்டுனாங்க, பேடா குடுத்தாங்க."

பழைய ஆப்பை இன்னும் மூடவில்லை, லாகின் வேலை செய்தது. அதுவும் பதிவாகியிருந்தது. 'புகார்கள்' என்ற இன்னோர் அட்டவணையில், 'பொருள் கிடைத்தது, முடிந்தது' என்று. பழைய ஆப்பில் இரண்டும் சேர்ந்தே தெரியும். நான் எடுத்தது ஒன்றை மட்டும்.

"அக்கா, அந்த ஃபைல எடுத்தது நான்தான்."

சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "நீயா?" மாவு உருண்டையைத் தட்டில் வைத்தார். பிறகு சொன்னார்: "அப்ப நீயே அழி. ரெண்டு வீட்ல இன்னிக்கே வராதன்னுட்டாங்க. இருக்கறதையாவது காப்பாத்திக் குடு."

புகார் முடிந்த வரியைப் படம் பிடித்து செகரட்டரிக்கு அனுப்பினேன்.

"நீக்குவதற்கு கமிட்டி தீர்மானம் வேண்டும், பேட்டா."

"எழுதுவதற்கு வேண்டாமா அங்கிள்?"

"அதை எந்த வீட்டுக்காரரும் போடலாம், காவலாளியே போட்டுவிடலாம்."

சொசைட்டி வாட்ஸாப் குழுவிலும் அதைப் போட்டேன். ஏழாவது மாடி அம்மாள் பதில் எழுதினார்: தோடு கிடைத்தது உண்மைதான், ஆனாலும் பையைப் பார்ப்பதில் என்ன தப்பு, நம் பாதுகாப்புக்குத்தானே. அதன் கீழே கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. யார் யார் என்று குறித்துக்கொண்டேன். அது என் பழக்கம். அதில் மூன்று வீடுகள் அக்காவின் கையால் சாப்பிடுகிற வீடுகள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான். அதுவரை தினமும் பை திறக்கப்பட்டது. நான் கேட் வரைக்கும் போய்க் கூட நின்றேன். காவலாளி என்னைப் பார்த்து நெளிந்தார், ஆனாலும் திறக்கச் சொன்னார். "மேடம், சிவப்பு வந்தால் நான் விட முடியாது."

கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பால்கனிப் புறாக்களுக்கு வலை போடுவதைப் பற்றிப் பேசினார்கள். சமோசா வந்தது. அதற்குப் பிறகுதான் என் முறை. ஒரு அட்டவணையை விட்டுவிட்டேன், தவறு என்னுடையது, அந்தப் புகார் நாலு நாளிலேயே முடிந்துவிட்டது என்றேன்.

"சின்ன டெக்னிக்கல் ப்ராப்ளம்" என்றார் செகரட்டரி, எனக்கு உதவுவதாக நினைத்து. எல்லோரும் சிரித்தார்கள். குறிப்பை நீக்கச் சம்மதித்துக் கைகள் உயர்ந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏழாவது மாடி அம்மாள் ஒரு கையை உயர்த்தி, மறு கையால் பச்சைச் சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு சமோசா எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை கேட்டில் காத்திருந்தேன். அக்கா வந்தார். டேப்லெட்டில் பெயர் பச்சையாக வந்தது.

"போங்க மாவ்ஷி" என்றார் காவலாளி, மராட்டியில் சித்தி முறை வைத்து.

அக்கா போகவில்லை. பையை மேஜைமேல் வைத்து, தானே ஜிப்பை இழுத்தார். டப்பாவின் மூடியைத் திறந்து சாய்த்துப் பிடித்தார்.

காவலாளி குனிந்து பார்த்தார்.