முதல் பந்தி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனைக் கட்டி மேய்ப்பவள் நான். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவதே மறந்துபோய்விட்டது. அப்படிப்பட்டவளைப் பிடித்து அசனத்தில் பந்தி விசாரிப்புக்குப் போட்டார்கள். யார் செய்த புண்ணியமோ!

அசனம் என்பது எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், சபைப் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த எங்களைப் போன்றவர்கள் கூடவே கொண்டுவந்த வழக்கம். பெரியவர் சிறியவர் பார்க்காமல் ஒரே வரிசையில் உட்கார வேண்டும், அதுதான் அதன் அர்த்தமே. ஆனால் எங்கள் சபையில் நடுவில் ஒரு முதல் பந்தி முளைத்துவிட்டது. கமிட்டிக்காரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் தனியாக மேசை நாற்காலி போட்டு, சூடாக முதலில் பரிமாறிவிடுவார்கள். பொறுப்பில் இருக்கிறவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்குமாம், அதனால் என்று காரணம் வேறு சொல்வார்கள்.

எங்கள் கடைசி பெஞ்சுகளில் ஜார்க்கண்ட் பெண்பிள்ளைகள் உட்காருவார்கள். வேறொரு பனியன் கம்பெனியின் ஹாஸ்டலில் தங்கித் தைக்கிறவர்கள். பாட்டை இந்தி எழுத்தில் போனில் எழுதிவைத்துக்கொண்டு எங்களோடு தமிழில் பாடுவார்கள். அந்தக் கம்பெனியின் மேனேஜர்தான் எங்கள் சபைச் செயலாளர். மேனேஜர் அதிகாரத்தில் கம்பெனி வேனிலேயே அவர்களைக் கோயிலுக்கு அனுப்பிவைத்தவரும் அவர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஞாயிறு மதியம் அவர்களுக்கு டூட்டி. கடைசிப் பாட்டு முடியுமுன்பே வெளியே வேன் ஹாரன் அடிக்கும்.

போன வருட அசனத்தில் அவர்களுக்கு வாசலில் வைத்துப் பொட்டலம் கொடுத்தோம். அதில் ஒருத்தி வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, உள்ளே ஜகா இல்லையா?"

ஜகா என்றால் இடம். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அது வருடம் முழுக்கச் செரிக்கவே இல்லை. செக்கிங் மேசையில் நிற்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தச் சிரிப்பு வந்து நின்றது. இந்த வருடம் அவர்களை உள்ளே உட்காரவைத்துச் சோறு போட்டே தீருவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

பண்டிகையன்று போதகர் செய்த பிரசங்கமும் பந்தியைப் பற்றித்தான் இருந்தது. ஆதிச் சபையில் வேறு பாஷை பேசிய விதவைகளைப் பந்தியில் கவனிக்காமல் விட்டார்கள், முறுமுறுப்பு வந்தது, பிறகுதான் அதைப் பார்ப்பதற்கென்றே நல்ல சாட்சி பெற்றவர்களைத் தெரிந்தெடுத்தார்கள் என்று விளக்கினார். உங்களில் பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்க வேண்டும் என்று முடித்தார். கமிட்டி வரிசை மொத்தமும் தலையை ஆட்டியது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் நான் அந்தப் பிள்ளைகளை நேராக ஹாலுக்குள் கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்து இலை போட்டேன். வேன் டிரைவரையும் விடவில்லை, கையைப் பிடித்து இழுக்காத குறையாக உட்காரவைத்தேன். முதல் பந்தி மேசையிலிருந்து செயலாளர் எழுந்து வந்தார்.

"அக்கா, வேன் நிக்குதுங்க. இந்திக்காரப் பிள்ளைங்களுக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்துருங்க."

என் கையில் சோற்று வாளி இருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்.

"பொட்டலம் கட்ட ஆள் இல்ல சார். நீங்களே போடுங்க. சீக்கிரம் போட்டா சீக்கிரம் கிளம்பலாம்லா?"

வாளியை அவர் கையில் திணித்துவிட்டேன். ஹாலே பார்த்தது. போதகரும் பார்த்தார். அப்படியொரு பிரசங்கத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வாளியைக் கீழே வைக்க எந்த மனுஷனுக்குத் தைரியம் வரும்? பரிமாறினார். அவருக்குப் பழக்கமே இல்லை. வெள்ளைச் சட்டையெல்லாம் குழம்பு. பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கக் கை இல்லை. பிள்ளைகள் மறுசோறு கேட்டார்கள். ரசம் கேட்டார்கள். அவர் ஒவ்வொரு இலைக்கும் குனிந்து குனிந்து நிமிர்ந்தார். எனக்கு அன்றைக்கு ஒரே குஷி.

அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அந்தச் சிரித்த பெண்ணுக்குப் போன் போட்டேன். இனி ஞாயிறு காலையிலேயே டூட்டி, கோயிலுக்கு வர முடியாது ஆன்ட்டி என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்த செயலாளரை வண்டி நிறுத்துமிடத்திலேயே மடக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அசனத்தன்று வேன் தாமதமாகப் போனதில் வேலை தாமதமாகி, சரக்கு ஏற்றவேண்டிய லாரியை விட்டுவிட்டார்களாம். முதலாளி ஏன் என்று கேட்டாராம்.

"பயத்துல, இனி ஞாயித்துக்கெழம காலையிலேயே தையல் லைன் ஓட்டிடறோம்னு நானே சொல்லிட்டனுங்க்கா."

கோயிலுக்குப் போகிறவர்கள் என்று சொன்னீர்களா என்று கேட்டேன். முதலாளியிடம் போய்ச் சபைப் பேச்சை எப்படி எடுப்பது என்று இழுத்தார். கொதித்தது எனக்கு. அதே சமயம் உள்ளுக்குள் வேறொன்றும் பிடுங்கியது. வாளியைக் கொடுத்துக் குஷிப்பட்டது நான். ஞாயிற்றுக்கிழமையைப் பறிகொடுத்தது அந்தப் பிள்ளைகள். வீட்டில் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டேன். காரணமே இல்லாமல் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் செயலாளருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் வராவிட்டால் அவர் கேட்க மாட்டார், அவர் வராவிட்டால் என்னை உள்ளே விட மாட்டார்கள். இரண்டு பேருமாகப் போனோம்.

முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர். வாங்க, உட்காருங்க, தண்ணி குடிங்க என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்த வேகத்தில் வாயைத் திறந்தேன். செயலாளர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். அவர் உட்காரவே இல்லை.

"அந்தப் பிள்ளைங்க எங்க சபைக்காரங்கங்க. ஞாயித்துக்கெழம காலைல கோயிலுக்கு வரோணுங்க. அன்னைக்கு வேன் லேட்டானது அவங்க தப்பு இல்லீங்க. நான்தானுங்க சோறு போட்டுட்டு இருந்தேன்."

அதுவரை அவர்களை இந்திக்காரப் பிள்ளைகள் என்று மட்டுமே அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

முதலாளி, டூட்டியை மதியத்துக்கே மாற்றிக்கொள்ளுங்கள், சாப்பிட்டுவிட்டே வரட்டும் என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. நாங்கள் கதவருகே போனபோதுதான் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க, அவங்களும் உங்க கோயில்தான்னு இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலீங்களே?"

செயலாளர் கதவுப் பிடியைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார்.