தாணுவின் இரண்டு பனியன்

தாணுமாலையன் தினமும் இரண்டு பனியன் போடுவான். அதற்கு மேல் கெட்டித் துணியில் முழுக்கைச் சட்டை, அதுவும் அவன் உடம்புக்கு இரண்டு அளவு பெரியது. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் இப்படி மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறாயே, உனக்குப் பைத்தியமா என்று நான் கேட்காத நாள் கிடையாது. சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

சாலைக் கடைத்தெருவில் ஆண்களுக்கான ரெடிமேட் கடை ஒன்றில் நாங்கள் இருவரும் விற்பனைக்கு நிற்கிறோம். கண்ணாடி முன்னால் வந்துவிட்டால் எந்த ஆண்பிள்ளைக்கும் நிம்மதி இல்லை. வயிறு தள்ளியவர் இன்னும் கொஞ்சம் லூஸாக இருக்கிறதா என்பார். ஜிம்முக்குப் போகிறவன் மூச்சு முட்டுகிற மாதிரி இறுக்கமாகக் கேட்பான். எலும்பும் தோலுமாக வருகிறவன் போட்டுப் பார்க்கவே கூச்சப்பட்டு, கையில் கிடைத்த பெரிய சைஸை வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்ப்பான். அந்த மாதிரி ஆட்களைத் தாணுவிடம் தள்ளிவிடுவேன். அவன் அவர்களைக் கண்ணாடிப் பக்கம் கூப்பிடவே மாட்டான்.

அவனுக்கு முப்பத்தேழு வயது. வலியசாலையில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறான். கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமை யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும் என்று ஒருமுறை சொன்னான். நாகர்கோவிலில் இருக்கும் அவன் அக்கா மூன்று இடம் பார்த்தாள். மூன்றும் தட்டிப்போயின. கடைசி வீட்டில், "மாப்பிள்ளைக்கு உடம்பே இல்லையே" என்று அவன் காதுபடவே சொன்னார்கள். இரண்டாவது பனியன் அதற்குப் பிறகு வந்தது.

நாலாவதாக அமைந்தவள் அனுஷா. பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. முழுக்கைச் சட்டையில் அவன் எடுத்துக்கொண்ட போட்டோ அவளுக்குப் போயிற்று. போனில் இரண்டு மூன்று தடவை பேசினாள். நேரில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றாள். தாணுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அறைக்கு இன்னொரு நாற்காலிகூட வாங்கிப் போட்டுவிட்டான்.

ஞாயிறு காலை பத்மநாபசுவாமி கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அம்மாவும் இவன் அக்காவும் பேசி முடித்துவிட்டார்கள். அந்தக் கோயிலுக்குள் ஆண்பிள்ளை சட்டையோடு போக முடியாது. இடுப்பில் வேட்டி மட்டும்தான்.

"வேற எடம் சொல்லுலே. கிழக்கேகோட்டையில காப்பிக்கடையா இல்ல?" என்றேன்.

"கோயில் வேண்டாம்னு எப்பிடிச் சொல்லுவேன்? நேரத்தே போயி வெளியவே நின்னு பேசிக்கிடுதேன்."

ஆனால் அவன் வாசலுக்குப் போவதற்குள் அனுஷாவின் போன் வந்துவிட்டது. "நாங்க உள்ள போறோம், கேட்டீங்களா. கொடிமரத்துக்கிட்ட நிப்போம்."

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. இனி அவளை வெளியே கூப்பிட வழியில்லை. சாமான் வைக்கிற கவுண்டரில் சட்டையையும் பனியன்களையும் கழற்றிக் கொடுத்தான். அங்கிருந்தவர் துணிகளைப் பார்த்துவிட்டு, "ரண்டு பேருண்டோ?" என்று கேட்டார்.

"ஒராளேயுள்ளூ," ஒரே ஆள்தான் என்று அவர் பாஷையிலேயே சொன்னான் தாணு.

கொடிமரத்தருகே அனுஷா அம்மாவோடு நின்றிருந்தாள். சுற்றிலும் தொப்பையும் கூனல் முதுகுமாக அத்தனை ஆண்களும் வெற்றுடம்போடுதான் நடந்தார்கள். இவனை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அது இந்த மடையனுக்கு உறைக்க வேண்டுமே. அவள் பார்வை முகம் முகமாக நகர்ந்து இவனிடம் வந்து நின்றது. மெல்லச் சிரித்தாள். இவன் இரண்டு கையாலும் விலா எலும்பை மறைத்துக்கொண்டு, யாரோ எவரோ போலத் தூண் பக்கம் திரும்பிக்கொண்டான். அவர்கள் போகும்வரை திரும்பவே இல்லை. என்னிடம் இதைச் சொல்லும்போது அழுதான். அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது எனக்கு.

வெளியே வந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு அவளைக் கூப்பிட்டான். "பஸ் கெடைக்கல. இப்பதான் வந்து சேர்ந்தேன்."

அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நீங்க மெலிஞ்ச ஆளுன்னு உங்க அக்கா மொதல்லயே சொல்லிட்டாவ. அதுல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. பாத்ததும் எனக்கு ஆளு தெரிஞ்சு. சிரிச்சேன். நீங்க என்னப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டீங்க. உங்களுக்கு என்னப் பிடிக்கலைன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அய்யோ, அப்பிடி இல்ல," என்றான்.

"பரவால்ல. எனக்கு இது புதுசில்ல," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நடந்ததைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடுலே என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். போனை எடுப்பான், பேர் வரைக்கும் போவான், வைத்துவிடுவான். அவளை வேண்டாமென்று சொன்ன ஆண்கள் எத்தனை பேரோ தெரியாது. அதில் கடைசி ஆள் தாணு என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.