எங்கள் கேட்டைத் தாண்டிப் போன மாதா

அக்டோபர் மாதத்தில் எங்கள் காலனியில் மாதாவின் சிலையான சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லி, பாடி, சுண்டல் கொடுத்து, மறுநாள் மாலை அந்த வீட்டார் அதை அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எந்த வீடும் விடுபடாது. ஆவடி தொழிற்சாலையில் என் கணவருக்கு வேலை கிடைத்து, பருத்திப்பட்டில் குடியேறிய காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மகன் மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினான். காதில் கேட்ட குரல்கள் அடங்கியிருந்தன. "இனி வார்டு தேவையில்லை. மாதாமாதம் ஊசிக்கு வந்தால் போதும். நாலு பேரோடு பழகட்டும்" என்றார் டாக்டர். அந்த நாலு பேரை எங்கே தேடுவது என்று அவர் சொல்லவில்லை.

அந்த அக்டோபரில் சுரூபம் பக்கத்து வீட்டுக்கு வந்தது. மறுநாள் எங்கள் முறை. மகனே மேஜையைத் துடைத்து, மெழுகுவர்த்தி வாங்கி வந்தான். மாலையில் பாட்டுச் சத்தம் எங்கள் கேட் வரை வந்தது. நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போனது.

"மாதாவுக்கும் என்னைப் பார்த்தா பயமாம்மா?" என்று சிரித்தான். பிறகு சிரிக்காமல், "நான் ஆஸ்பத்திரிக்கே போயிடுறேன். அங்க யாரும் தாண்டிப் போக மாட்டாங்க" என்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் சுரூபம் போன அந்த அடுத்த வீட்டுக்குப் போனேன்.

சுரூபத்தை அங்கே கொண்டுவந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலில் மறித்தாள். "தப்பா எடுத்துக்காதக்கா. புள்ளைக்குக் கூட்டம் ஒத்துக்காதுன்னுதான்..."

"எந்த டாக்டர் சொன்னார்?"

"டாக்டர் இன்னாத்துக்கு? அவன் கையப் பாரு, எப்படி ஆடிகினு கீது! சுரூபம் வுழுந்தா இன்னா பண்ணுவ?"

"மாத்திரையால ஆடுது. உன் மாமியாருக்கும்தான் கை ஆடுது. போன வருஷம் அவங்கதானே தூக்கிட்டு வந்தாங்க?"

உள்ளே ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மாமியாரேதான். "கேக்குறா இல்ல? பதில் சொல்லுடி" என்றார்.

"நாளைக்கு எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றேன்.

"பின்னால திரும்புற வழக்கம் இல்லையேக்கா."

"தாண்டிப் போற வழக்கமும் இல்ல."

மகனைக் கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்து, நானும் உட்கார்ந்தேன். எங்கள் அருகில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். நகரட்டும்.

மறுநாள் மாலை சுரூபத்தை அவனே தூக்கி வந்தான். கை நடுங்கியது; மாதாவின் கிரீடம் கிணுகிணுவென்று ஆடியது. தாங்கிப் பிடிக்க இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். "யாரும் தொடாதீங்க" என்றேன். மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் அவன் மூச்சு விட்டான். சிலர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று பாட்டை நானே உரக்க எடுத்தேன்.

அடுத்த வாரம் அவன் ஊசிக்குக் கிளம்பினான். மாற்றுத் துணி எடுத்து வைத்திருக்கிறானோ என்று அவனுக்குத் தெரியாமல் பையைத் தடவிப் பார்த்தேன்.

"என்னம்மா தேடுற? சாயங்காலம் வந்துடுவேன்" என்றான்.